ஜன்னல் பக்கத்துக் கன்னம்

மக்கா,

நீ என் ஃபோனை எடுக்காமல் பன்னிரண்டு நாளாகிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதை எல்லாம் பார்க்கிறாய், நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், எழுதினால் கோபத்திலாவது கண்ணை ஓட்டுவாய் என்று இதை எழுதுகிறேன். உனக்கு ஒரு பிரதி தபாலில் வரும். இன்னொன்றை நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். குடும்ப விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டான் கிழவன் என்று பல்லைக் கடிப்பாய். கடித்துக்கொள். நம் வீட்டில் நடந்த எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடத்தினோம், அதன் பலனை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். உன் பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மட்டும் மாத்திருங்க மாமா" என்றாள். அதனால் இதில் அவள் பெயர் அஜிதா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வரையக் கொடுத்த குடும்பப் படம் உனக்குக் கிடைக்காது. அந்தப் படத்தைக் கொண்டுபோய் மண்டைக்காட்டில் அவள் கையில் கொடுத்து, சமாதானம் பேசி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து களியக்காவிளையில் உன் வீட்டில் விடச் சொன்னாயே, அதுவும் நடக்காது. உன் அம்மாவும் நானும் போனது உண்மைதான். போய் என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. அதில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும், நாம் இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம்.

போன மாதம் நீ சுசீந்திரத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த விதம் நினைவிருக்கிறதா? அப்பாவிடம் பேசுகிற மாதிரி இல்லை, ஆர்டர் கொடுக்க வந்த ஆள் மாதிரி இருந்தது. உங்கள் கல்யாண நாளுக்கு நாங்கள் வந்திருந்தபோது உன் வீட்டு ஹாலில் எடுத்த போட்டோவை ஃபோனில் காட்டினாய். நீ, அஜிதா, நான், உன் அம்மா. "பென்சில்ல நல்ல பெருசா வரையணும்ப்பா, அவளுக்கு சர்ப்ரைஸ்" என்றாய். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் மூன்று வாரமாகத் திரும்பவில்லையே என்று கேட்டதற்கு, "சின்னப் பிணக்கு, படத்தப் பாத்தா சரியாயிரும்" என்றாய். நான் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை, நம்புவது வசதியாக இருந்தது. மகன் தன் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த என் படத்தைத் தேடி வந்திருக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

நான் எப்படி வரைவேன் என்று உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போட்டோவைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் கட்டம் போடுவேன். வரைகிற தாளிலும் அதே அளவுக்குப் பெரிய கட்டம். பிறகு இரண்டையும் தலைகீழாகத் திருப்பிவைத்து, ஒரு கட்டத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் காகிதத்தால் மூடிவிடுவேன். நேராக வைத்து வரைந்தால் கை தனக்குத் தெரிந்த முகத்தைப் போட்டுவிடும். பெண்டாட்டி என்றால் இப்படி, மகன் என்றால் இப்படி என்று மனதில் ஒன்று இருக்குமே, அது வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைகீழாக்கிவிட்டால் மூக்கும் இல்லை, வாயும் இல்லை. வெளுப்பு, கறுப்பு, இடையில் சாம்பல், அவ்வளவுதான். கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். முப்பத்தைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. கலரில் சிவப்பாக இருப்பது பவுடருக்குள் பதுங்கிக்கொள்ளும், ஆனால் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சாம்பலாக வெளியே வந்துவிடும். பரு, கொசுக்கடி எல்லாம் அப்படித்தான் தெரியும். முழுப் படமும் முடிந்த பிறகு, ஆட்கள் கேட்காமலே நான் அதையெல்லாம் ரப்பரால் எடுத்துவிடுவேன். கேட்டு எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஒரு தடவை கடற்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தாள், புருஷன் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போட்டோவில் அவன் அவளுடைய தோளில் கை போட்டிருந்தான். "அந்தக் கைய மட்டும் எடுத்துருங்க சாரே" என்றாள். நான் பெரிய ஆள் மாதிரி, கையை எடுத்தால் குடும்பக் களை போய்விடும் என்று அவளுக்கு விளக்கம் சொல்லி, கையை அழுத்தமாகவே வரைந்து கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துமா எனக்குப் புரியவில்லை என்று இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உன் படத்தில் என்னையும் உன் அம்மாவையும் முடித்துவிட்டு, ஒரு நாள் காலையில் அஜிதா பக்கம் வந்தேன். காதுக்குக் கீழே உள்ள கட்டத்தில் சாம்பலாகச் சில கோடுகள் தெரிந்தன. போட்டேன். பக்கத்துக் கட்டத்திலும் அவை தொடர்ந்தன. நாலு கோடு, ஒன்றோடொன்று ஒட்டாமல், வாய் ஓரம்வரை. நுனியில் கொஞ்சம் அழுத்தம் கூடுதல். ஓரங்களைப் பஞ்சால் தேய்த்து மெதுவாக்கினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்டுக்கொள், அதைச் சொன்ன வாயும் இதுதான். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டுப் பலகையை நேராகத் திருப்பினேன். அஜிதாவின் கன்னத்தில் ஒரு ஆம்பிளையின் நாலு விரல் பதிந்திருந்தது. அதை வரைந்தவன் நான். அந்தப் போட்டோ எடுத்த நாளில் அவளோடு அதே வரிசையில் நின்று, பல்லைக் காட்டிச் சிரித்தவனும் நான்தான்.

உடனே உனக்கு ஃபோன் போட்டேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான், நீ மறந்திருக்க மாட்டாய். "அஜிதாவுக்க கன்னத்துல என்னமோ கெடக்கு லே" என்றேன்.

"அது நெழலுப்பா."

"ஜன்னலு அவளுக்க பக்கத்துலல்லா இருக்கு. ஜன்னல் பக்கத்துக் கன்னத்துல எப்பிடி லே நெழலு விழும்?"

உனக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது. பிறகு, சாதாரணமாக, டீயில் சீனி குறைக்கச் சொல்கிற மாதிரிச் சொன்னாய். "எடுத்துருங்கப்பா. அம்மாவுக்க நெத்தித் தையல எடுத்தியள்லா, அது மாதிரி எடுத்துருங்க."

நீ என் கையை ஒடித்த நாளில்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஆகவே அந்த நெற்றித் தையலைப் பற்றி எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உனக்கு ஏழு வயது. கோட்டாற்றில் ஒரு குடும்பத்துக்காக ஆறு பேர் உள்ள படம், பன்னிரண்டு நாள் வேலை, அன்று முடிந்திருந்தது. நான் பின்னால் கை கழுவப் போனேன். உன் அம்மா அரிசி களைந்த கையோடு வந்தவள், தாளின் மேல் ரப்பர் தூள் கிடப்பதைப் பார்த்து, வீட்டுக்காரருக்கு உதவியாக இருக்கட்டும் என்று உள்ளங்கையால் தட்டிவிட்டாள். ஈரக் கை. மூன்று முகம் ஒன்றாக இழுபட்டுப் போயிற்று. நான் திரும்பி வந்து பார்த்தேன். பக்கத்தில் கிடந்த இன்னொரு வரைபலகையை எடுத்து வீசினேன். அதன் விளிம்பு அவளுடைய இடது புருவத்துக்கு மேலே பட்டது. எலும்பில் கட்டை படுகிற சத்தம் ஒன்று உண்டு, அதைக் கேட்டேன். அவள் மேசையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் முதலில் பார்த்தது அவளை இல்லை, தாளை. ரத்தம் தெறித்துவிடப் போகிறதே என்று தாளைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, "அந்தால தள்ளிப் போய் இரு சவமே" என்று இடுப்பில் உதைத்தேன்.

நீ கதவருகில் நின்றாய். உருண்டு அவள் காலடிக்குப் போயிருந்த என் ரப்பரை, ரத்தத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்க் குனிந்து எடுத்து, உன் நிக்கரில் துடைத்து, என்னிடம் நீட்டினாய். எனக்குக் கோபம் தணிய வேண்டுமே என்று அந்த வயதில் உனக்குத் தெரிந்த வழி அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரன்" என்றேன். மக்கா, நான் உனக்குச் செய்த கெடுதல்களில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை. கீழே கிடக்கிறவளைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தவன் பக்கம் நின்றால் பாராட்டு கிடைக்கும் என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான். ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். தெப்பக்குளத்துப் படியில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி நின்றாள்.

அடுத்த வருடம் புது வீட்டுப் பால்காய்ப்புக்காக நம் மூன்று பேரையும் ஒரு போட்டோவிலிருந்து வரைந்தேன். அந்தத் தழும்பை நான் போடவில்லை. நெற்றியை வழவழவென்று ஆக்கி, புருவத்தை ஒரே வளைவாக இழுத்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் "கொள்ளாம், அப்பிடியே இருக்கா" என்றார்கள். உன் அம்மா காபித் தட்டோடு வந்து நின்று படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நான் எல்லாருக்கும் மேலே சத்தமாகச் சிரித்தேன். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய், வளர்ந்தாய். அந்தப் படத்துக்குக் கீழேதான் நான் அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக் கதவு நிலையில் முட்ட வைத்தேன், கொதிக்கிற கஞ்சிப் பானையைக் காலால் எத்தினேன். அவளுடைய இடது சுண்டுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. எதனால் என்று நீ கேட்டதில்லை, கேட்காமலே தெரியும்.

கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய். வடசேரி ஃபிரேம் கடை முதலாளி என் படம் இரண்டைத் தண்ணீரில் போட்டுப் பாழாக்கினார். "பரவாயில்ல முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி வரைந்து கொடுத்தேன். பஸ்ஸில் என் காலை மிதித்தவனிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். என் கோபத்துக்குக் கண் நன்றாகவே தெரிந்தது மக்கா. யார் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் வந்தது. உன்னுடையதும் அப்படித்தான். ஆபீசில் உன் மேனேஜர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டியதாகச் சொன்னாயே, அவர் சட்டையை நீ பிடித்தாயா? இதை ஒரு புத்திமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதைச் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரே வியாதி பிடித்த இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

உனக்குப் பதினேழு வயதில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாளை மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சட்டியோடு எடுத்து அவள் மேல் வீசினேன். தோளெல்லாம் குழம்பு, சூடு தாங்காமல் புடவையை உதறிக்கொண்டு நின்றவளை அடிக்கக் கை ஓங்கினேன். பின்னாலிருந்து நீ மணிக்கட்டைப் பிடித்தாய். பிடித்ததோடு விட்டிருக்கலாம். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முறுக்கினாய், கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, நான் முட்டி போட்டு விழுந்தேன். நீ என்னைப் புரட்டிப் போட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினாய். இரண்டு பல் போயிற்று. உன் அம்மா வெந்த தோளோடு உன்னைப் பிடித்து இழுத்தாள். "விடு லே, செத்துருவாரு."

"சாவட்டும்" என்றாய். என் ரத்தம் உன் முழங்கைவரை இருந்தது. உன் முகத்தை நான் அன்றைக்குக் கீழேயிருந்து பார்த்தேன். அம்மாவைக் காப்பாற்ற வந்த பிள்ளையின் முகமாக ஆரம்பத்தில் இருந்தது. பிறகு அது மாறிவிட்டது. நீ அடிப்பதை அனுபவிக்கத் தொடங்கியிருந்தாய். அந்த ருசி எனக்குத் தெரியும் என்பதால் கண்டுபிடித்தேன்.

நாலு மாதம் என்னால் பென்சில் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் உன் அம்மாவை அடிக்கவில்லை. திருந்திவிட்டேன் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன்னை நினைத்துப் பெருமையும் பட்டேன். "பயலுக்க கை இரும்பு கேட்டியளா" என்று ஃபிரேம் கடையில் பல் போன வாயோடு சொன்னேன். உனக்குப் பெண் பார்க்கப் போனபோது அஜிதாவின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்குக் கோவம் கீவம் உண்டுமா?" என்று கேட்டார். அந்த மனுஷன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி. "அய்யே, அம்மாவத் தாங்குத பிள்ளையாக்கும் அவன்" என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். நான் அன்று வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு ஒரு வேளை பெண் கிடைத்திருக்காது. அஜிதாவுக்கு ஒரு கன்னம் பிழைத்திருக்கும்.

நீ ஃபோனை வைத்த பிறகு, பலகையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய் உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பத் துருவினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "காலத்தே பத்து மணிக்கு வீட்டுக்குள்ள இருக்கப்பட்ட பிள்ளை அம்புட்டு பவுடர் எதுக்குப் போடுகான்னு, போட்டுப் பழகினவளுக்குத் தெரியாதா? கேட்டேன். பாத்ரூம்ல வழுக்கிட்டுன்னு சொன்னா."

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

துருவுவதை நிறுத்தினாள். "யாருகிட்ட? உங்ககிட்டயா?"

நான் திருந்தினவன்தானே, கையை நீட்டுவதை நிறுத்தி எத்தனை வருடம் ஆகிறது என்று முனகினேன். "நீங்க எங்க நிறுத்தினிய? எனக்க மவன் வளந்தான், அதனால நின்னுது" என்றாள். பிறகு தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் மேலேயும் பழி போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு அவன் உங்க மேல ஏறி இருந்து அடிக்கச்சில எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. ரெண்டு அடி கூடுதலாப் படட்டும்னுதான் பைய வந்து பிடிச்சேன். அதுக்கு உள்ள சிட்சையாக்கும் இது." உன் அம்மா அழுது நான் பார்த்து வெகு காலமாகிறது. அன்று அழுதாள். பழைய படத்தை இறக்கி, விட்டுப்போன தழும்பை வரைந்துவிடட்டுமா என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி. "அது என்ன மறந்து போன பொட்டா, இப்பம் எடுத்து வைக்கதுக்கு?" என்று சொல்லிவிட்டு, மண்டைக்காட்டுக்குக் கிளம்பச் சொன்னாள்.

அஜிதாவின் வீட்டில் எங்களை யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் அப்பா நாற்காலியைக் காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அஜிதா வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லை, தோல் எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் கறுப்பு வெள்ளைப் பிரிண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கார் சாவிய மாத்தி வச்சதுக்கு" என்றாள். மற்றவற்றையும் சொன்னாள். சார்ஜர் வயரால் முதுகில் அடித்தது. அண்ணனோடு வீடியோ காலில் சிரித்துப் பேசினாள் என்று தலையணையை முகத்தில் வைத்து அழுத்தியது, மூச்சு போகிற நேரத்தில் எடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் அழுத்தியது. நீ செய்தவைதானே, உனக்குத் தெரியாதவை இல்லை. ஆனால் அதையெல்லாம் அவள் குரலில் நீ கேட்டதில்லை. நான் கேட்டேன். ஊரில் நடந்த ஏதோ விபத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "மாமா, ஒரு காரியம் உள்ளதச் சொல்லணும். மாமிய அடிக்கத நீங்க எப்பம் நிறுத்தினிய?" வயதாக ஆக உன் கோபமும் தணிந்துவிடும், நானே அதற்குச் சாட்சி என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைச் சொல்லித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று நீ எதிர்பார்த்தாய். அவள் அதைக் கேட்டு நம்பியும் இருப்பாள், அவளுக்கு நம்ப ஆசை இருந்தது, எனக்கு அவள் கண்ணில் தெரிந்தது. உன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நிறுத்தல மக்களே" என்றேன். "அவன் வளந்து எனக்க கைய ஒடிச்சான். அதுக்குப் பிறவு பயந்துட்டேன், அம்புட்டுதான். அவனுக்குப் பதினேழு வயசு அப்பம்."

அஜிதா தலையை ஆட்டினாள். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "அப்பம் இது பெறந்து பதினேழு வயசு ஆவணும், என்ன மாமா?" என்றாள்.

எங்களுக்கு அது தெரியாது. நீ சொல்லவில்லை. மூன்று மாதம். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன், உனக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டேன். "தெரியும். தெரிஞ்சிட்டுத்தான் வயித்துல சவிட்டினாரு" என்றாள். காலால் உதைத்திருக்கிறாய். ரத்தம் பட்டிருக்கிறது. கொடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அம்மா வீட்டுப் படியேறியிருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதை நான் உனக்காக எழுதவில்லை, ஆனாலும் உனக்குத் தெரியட்டும்.

உன் அம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள் இன்னும் சுசீந்திரத்துக்குத் திரும்பவில்லை. பேறு காலம் முடிகிறவரை அங்கேதான் என்று சொல்லிவிட்டாள், அதற்குப் பிறகும் என்னிடம் வருவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அஜிதாவின் வீட்டார் ஒரு வாரம் யோசித்தார்கள். பெண் பிள்ளை விஷயம், கர்ப்பம் வேறு, ஊர் என்ன சொல்லும் என்று அவள் அப்பா தயங்கினார். முந்தாநாள் காலையில் அவள் தானாகவே கிளம்பினாள். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளோடு உன் அம்மாவும் நானும் போனோம். புகாரை அவளே எழுதிக் கொடுத்தாள். நான் பிரிண்டைக் காட்டி, ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே விழும், சிவப்பு எப்படிச் சாம்பலாகும் என்று விளக்கினேன். ஃபோனில் நீ என்னிடம் சொன்னதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா எழுதிக்கொண்டே, "நீங்க பொண்ணோட அப்பாவா?" என்று கேட்டார்.

"பையனுக்க அப்பா" என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாட்சி என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

உன்னைக் கூப்பிடுவார்கள். ஒளியாதே, போ. வக்கீல் வைத்துக்கொள், அது உன் உரிமை. செய்ததைச் செய்தேன் என்று சொல்கிற தைரியம் உனக்கு வந்தால் நல்லது, எனக்கு அது அறுபத்து மூன்று வயதில்தான் வந்தது. அப்பாவாக இருந்துகொண்டு எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பாய். உன் அப்பாவாக இல்லாமல் வேறு யாராக இருந்திருந்தாலும் இதைப் போட எனக்குக் கடமை இருந்திருக்காது. கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன், மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கை பரபரத்தால் சுசீந்திரத்துக்கு வா. நான் தனியாகத்தான் இருக்கிறேன், கதவைத் தாழ் போட மாட்டேன். ஆத்திரம் தீருகிறவரை என்னை அடித்துக்கொள். ஆனால் மண்டைக்காட்டுப் பக்கம் போகாதே. நான் அடித்த காலமெல்லாம் ஒரு தடவைகூடத் திருப்பிக் கை ஓங்காத உன் அம்மா, அங்கே வாசல் கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ஃபோனில் என்னிடம் சொன்னாள். "அவன் இங்க வந்தாம்னா நான் அவன அடிப்பேன். பெத்த பிள்ளைன்னு பாக்க மாட்டேன். அவங்கிட்டச் சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன்.

அப்பா